சாவியைத் திருப்பினேன்... ‘டக்’!

இரவு ஒன்றரை மணி. இடுப்பில் இரண்டரை வயதுப் பையன். கையில் கார் சாவி. இவர் தேர்டு ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். 1996 டிசம்பர் மாதம் அது.

மூக்கண்டப்பள்ளியை இன்று பார்க்கிறவர்களுக்கு அன்றைய மூக்கண்டப்பள்ளியைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இப்போது ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி. விடிய விடிய கடை, வண்டி, வெளிச்சம். அன்றைக்கு எங்கள் தெருவில் மொத்தமே பதினோரு வீடுகள். ஒரு பக்கம் சிப்காட் கம்பெனிகளின் சங்குச் சத்தம், இன்னொரு பக்கம் ராகிக் கொல்லை. ஒரு வீட்டில் கன்னடம், அடுத்த வீட்டில் தெலுங்கு, மூன்றாவது வீட்டில் தமிழ். சேலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு முதலில் பழக்கமானது பாஷையல்ல, குளிர்! கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது.

பையனுக்கு அன்று இருமல். சாதாரண இருமல் இல்லை, நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம். மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘ஈ... ஈ...’ என்று இழுத்தது. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. மாமியார் விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலையை வாட்டி நெஞ்சில் போட்டுப் பார்த்தார். அப்புறம் அவரே, “இது வெத்தலைக்கு அடங்காது. கிளம்பு, நான் வர்றேன்” என்று சால்வையை எடுத்துக்கொண்டார்.

எங்களிடம் ஒரு மாருதி 800 இருந்தது. இரண்டாம் கையாக வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான் லைசென்ஸ் எடுத்து ஏழு மாதம். மாமியார் பின் சீட்டில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன்.

‘டக்.’

அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். ‘டக்.’ சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். விநாயகனே, முருகனே, சந்திரசூடேஸ்வரா என்று மலைமேல் இருப்பவர் வரை கூப்பிட்டாயிற்று. ‘டக்... டக்.’ முகப்பு விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்து, எதிர் வீட்டுச் சுவரில் என்னைக் கேலி செய்தது. அந்த விளக்கு அன்று எனக்கு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கத் தெரியவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு கன்னடத்து அக்கா, “ஏனாய்த்தம்மா?” என்று ஓடி வந்தார். அவர் வீட்டு மாடிப் போர்ஷனில் கம்பெனிப் பையன்கள் மூன்று பேர் குடியிருந்தார்கள். லுங்கியும் மப்ளருமாக இறங்கி வந்தார்கள். அதில் ஒருவன் லாரி ஷெட்டில் வளர்ந்தவன் போலிருக்கிறது. “அக்கா, செகண்டு கியர் போட்டு கிளட்சை மிதிச்சுக்குங்க. நாங்க தள்ளி வேகம் வந்ததும் ‘விடு’ன்னு கத்துவேன். அப்ப காலை எடுங்க” என்றான்.

தள்ளினார்கள். கத்தினான். விட்டேன். வண்டி குலுங்கி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான். பதற்றத்தில் நான் சாவியைப் பின்னால் திருப்பி, இக்னிஷனையே அணைத்து வைத்திருந்தேன்! நல்ல வேளை, சாவியை வெளியே உருவிவிடவில்லை. உருவியிருந்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டு, நேராக ராகிக் கொல்லைக்குள் போயிருப்போம். இரண்டாவது தடவை சாவியை ‘ஆன்’ பண்ணிவிட்டுத் தள்ளியபோது எஞ்சின் உயிர் பிடித்தது. ஓசூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அணைக்காமல் ஓடவிட்டு, அந்தப் பையனை அதில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

குரல்வளை வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள், ஆவியாக மருந்து பிடிக்க வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் அந்த இழுப்புச் சத்தம் அடங்கியது. “காத்தால வரைக்கும் பார்க்கலாம்னு இருந்துடாம வந்தீங்களே” என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது. (குழந்தைக்கு மூச்சு இழுக்கும்போது இப்படிச் சத்தம் வந்தாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். 2008-லிருந்து நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அது இல்லை. வீட்டில் போனும் இல்லை.)

மறுநாள் இவர் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ‘செல்ஃப் மோட்டார் போச்சு, புதுசுதான் மாத்தணும்’ என்று சொல்லி, மாற்றி, 2,600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு அது எங்களுக்கு அரை மாத வரும்படி. பையனுக்குக் காதுகுத்த என்று நான் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. “சாவியைப் பிடிச்ச பிடியில மோட்டார் கருகியிருக்கும். லேடீஸ் ஓட்டினா இப்படித்தான் சார்” என்று அங்கே யாரோ சொல்லி, அதை இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒப்பித்தார். எனக்கு மூக்கு வரை கோபம். ஆனாலும் அழுத்திப் பிடித்தது நான்தானே? வாயை மூடிக்கொண்டேன்.

பத்தே நாள். விடியற்காலையில் இவரைக் கம்பெனி வாசலில் விட்டுவரலாம் என்று கிளம்பினால்... ‘டக்.’ புது மோட்டார், அதே ‘டக்’!

“இனிமே நீ வண்டியை எடுக்க வேணாம். நான் இருக்கறப்ப மட்டும் எடுக்கலாம்” என்றார் இவர். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. இவர் இல்லாத ராத்திரிக்குத்தானே நான் கார் ஓட்டக் கற்றதே! மாமியார் அடுப்படியிலிருந்தே, “அன்னிக்கு ராத்திரி நீ எங்கடா இருந்தே?” என்று கேட்டார். இவர் பதில் சொல்லாமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

அன்று பத்து மணிக்கு மாடிப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, நானே வண்டியை பாகலூர் ரோடு பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். பாய் கடை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்க ஒயர். வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் கதையை ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தி, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“சாவி திருப்பும்போது ஹெட்லைட் என்னாவுதும்மா? மங்குதா, அப்படியே எரியுதா?”

“அப்படியே பளிச்சுன்னு எரியுது பாய்.”

“அப்போ பேட்டரி நல்லாருக்கு. கரண்டு வழியிலே எங்கியோ நிக்குது.”

பழைய பேட்டரியிலிருந்து எடுத்த தடித்த ஒயர் ஒன்றை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் முனையில் வைத்தார். மறு முனையை எஞ்சின் இரும்பில் அழுத்திப் பிடித்தார். “இப்போ திருப்பு.”

‘டக்’ கூட வரவில்லை. ‘ஜிவ்’வென்று எஞ்சின் சுற்றிப் பிடித்துக்கொண்டது!

விஷயம் இதுதான். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டு போக ஒரு பாதை இருக்கிற மாதிரி, அது திரும்பி வரவும் ஒரு பாதை வேண்டும். திரும்பி வரும் பாதையை ‘எர்த்’ என்கிறார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அவற்றிலிருந்து வண்டியின் பாடிக்கும் பேட்டரிக்கும் ஒரு தடித்த பட்டை ஒயர் போட்டிருப்பார்கள். எங்கள் வண்டியில் அந்தப் பட்டையின் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார் பாய். புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடத்தின் அடி மாதிரி பச்சைப் பாசி பூத்துக் கிடந்தது. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும், அதற்கு வேறு வழியும் இருக்கிறது, பளிச்சென்று எரிகிறது. செல்ஃப் மோட்டாருக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். நம் வீட்டில் இஸ்திரிப் பெட்டி போடுகிற பிளக்குக்கே 15 ஆம்பியர்தான் என்று யோசித்துப் பாருங்கள்! பாசி பிடித்த பாதையில் அவ்வளவு கரண்டு எப்படி வரும்? குளிர் நாளில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, இன்னும் கூடுதல் பலம் கேட்கும். அதனால்தான் மதியம் ஒழுங்காக இருந்த வண்டி ராத்திரியும் விடியற்காலையும் மக்கர் செய்தது. புது மோட்டார் மாட்டும்போது அந்தப் போல்ட் கொஞ்சம் அசைந்து உராய்ந்திருக்கும், பத்து நாள் ஓடியது.

பட்டை ஒயர் மாற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கூலியோடு 35 ரூபாய் வாங்கினார் பாய்.

“பழைய செல்ஃப் எங்கேம்மா?” என்று கேட்டார். ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டோம் என்றேன். “உங்க பொருள்மா அது” என்றார், அவ்வளவுதான். அன்று சாயந்திரம் இவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். இவர் சிப்காட்டில் மெஷின் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். எத்தனையோ மோட்டாரைக் கழற்றி மாட்டுகிற மனிதர், வீட்டு வண்டியை மட்டும் பானெட்டைத் திறக்காமலே அடுத்தவரிடம் விட்டுவிட்டார். முகம் சிவந்துவிட்டது. மறுநாள் போய், என்ன பேசினாரோ, பழைய மோட்டாரோடு வந்தார். இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனோம்.

செய்தித்தாளை விரித்து அதன் மேல் மோட்டாரைப் பிரித்தார் பாய். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். சகோதரிகளே, நம்புங்கள், நம் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த சமாசாரம்தான். மிக்ஸிக்குள் சுற்றுகிற காயில் மாதிரி இதிலும் உண்டு, ஆர்மேச்சர் என்பார்கள். அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகள். அந்தப் பட்டைகளின் மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்புக் கட்டிகள்தான் கார்பன் பிரஷ். மிக்ஸியில் இரண்டு, இதில் நான்கு. மிக்ஸியில் பிரஷ் தேய்ந்தால் நெருப்புப் பொறி பறந்து ஒரு கருகல் வாடை வருமே, அதே கதைதான் இங்கும். பென்சில் மாதிரி தேயத்தான் அதைப் படைத்திருக்கிறார்கள். தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

எங்கள் பழைய மோட்டாரில் பிரஷ் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது! பாய் அதைத் தூக்கிக் காட்டி இவரைப் பார்த்தார். இவர் கூரையைப் பார்த்தார்.

மோட்டாரின் முதுகில் குட்டி உருளை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் சோலனாய்டு. நாம் சாவியைத் திருப்பினால் நேராக மோட்டார் சுற்றுவதில்லை. முதலில் சோலனாய்டு ஒரு காந்தமாக மாறி, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை ‘டக்’கென்று இழுக்கிறது. அது ஒரே இழுப்பில் இரண்டு வேலை செய்கிறது. மோட்டாரின் மூக்கில் இருக்கும் சின்னப் பல் சக்கரத்தை முன்னால் தள்ளி, எஞ்சினின் பெரிய சக்கரத்தோடு கோர்க்கிறது. கோர்த்த கையோடு பெரிய கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. சின்னச் சக்கரம் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் பெரிய சக்கரம் ஒரு சுற்று. கிரைண்டர் மோட்டாரின் சின்னக் கப்பி பெரிய சக்கரத்தைச் சுற்றி அவ்வளவு கனமான கல்லை ஆட்டுகிறதே, அதே தந்திரம். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் சாவியை விட்டால், ஸ்பிரிங் சின்னச் சக்கரத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ளும்.

“இது பயில்வான்மா” என்றார் பாய். “பத்து செகண்டு மல்லுக்கட்டச் சொல்லு, யானையைச் சாய்ப்பான். பத்து நிமிஷம் நில்லுன்னு சொன்னா செத்துடுவான்.”

இது பாயின் சொந்த வாக்கு என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, இந்த மோட்டார் பிறந்த கதையே அதில்தான் இருக்கிறது என்று. அந்தக் காலத்தில் காரை ஸ்டார்ட் பண்ண முன்னால் ஒரு இரும்புக் கம்பியைச் சொருகிச் சுற்ற வேண்டும். சேலத்தில் என் அப்பாவின் நண்பர் அம்பாசடருக்கு ஹேண்டில் அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் ஹேண்டில் திருப்பி அடிக்கும். கை முறிந்தவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்காவில் காடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் ஒருவர், வழியில் நின்றுபோன காருக்கு உதவப் போய், ஹேண்டில் அடிபட்டு இறந்துபோனார் என்றும், அந்த வருத்தத்தில்தான் லேலண்ட் வேறு வழி தேடினார் என்றும் சொல்வார்கள். சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினீயரிடம் அந்த வேலை வந்தது. ஒரு எஞ்சினைச் சுற்றும் பலமுள்ள மின் மோட்டார், அந்த எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கும் என்று மற்றவர்கள் கைவிட்டிருந்தார்கள். கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி மெஷினுக்கு மின் மோட்டார் வைத்தவர். கல்லா திறக்க ஒரு நொடிப் பலம் போதும். அதற்குச் சின்ன மோட்டாரை அளவுக்கு மீறி உழைக்கவிடலாம், உடனே ஓய்வு கொடுத்துவிட்டால் கெடாது. அதையே காருக்கும் செய்தார். 1912-ம் வருஷத்து காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். லட்சக்கணக்கில் பெட்ரோல் கார் செய்து குவித்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது பேட்டரிக் கார்! ஹேண்டில் அடிக்கத் தேவையில்லாததால் அன்று பல பெண்கள் அதைத்தான் விரும்பினார்கள். ஃபோர்டின் மாடல் டி காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் 1919-ல்தான் வந்தது. பெண்கள் ஸ்டீயரிங் பிடிக்க இந்த மோட்டார் ஒரு பெரிய காரணம். அதையே ‘லேடீஸ் ஓட்டினா கருகிடும்’ என்று ஒரு மனுஷன் சொன்னான் பாருங்கள்! நம் நாட்டில் சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்தான் இந்த மோட்டார்களுக்குப் பேர் போனது. பாய் கடைச் சுவரில் அந்தப் பெயர் போட்ட அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். அன்று ராத்திரி நான் சாவியை அழுத்திப் பிடித்தது தப்புதான். ஐந்து செகண்டுக்கு மேல், போனால் போகிறது பத்து செகண்டுக்கு மேல், சாவியைப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் பிடிக்கவில்லையா, அரை நிமிஷமாவது விட்டுத் திருப்புங்கள். மோட்டாரும் ஆறும், பேட்டரியும் மூச்சு வாங்கிக்கொள்ளும். மூன்று நான்கு தடவை பார்த்தும் அசையவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ என்று அர்த்தம். ஏ.சி., ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டால் கியர்பாக்ஸைச் சேர்த்துச் சுற்றுகிற பாரம் குறையும். எங்கள் ஊர்க் குளிரில் அது நன்றாகவே தெரியும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மறதியில் மறுபடி சாவியைத் திருப்பிவிட்டு ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பீர்களே, அது சக்கரத்தின் பல் பல்லோடு மோதுகிற சத்தம். அது வழக்கமாகிவிடக் கூடாது.

சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம் என்பது பாயின் கட்சி. சாவி திருப்பும்போது விளக்கு மங்கிச் செத்துப்போய், ‘டக்டக்டக்’ என்று படபடத்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனையில் பிடிமானம் இல்லை. விளக்கு மங்காமல் ஒரே ஒரு ‘டக்’ என்றால், எங்களைப் போல எர்த் பட்டையாக இருக்கலாம். அல்லது சோலனாய்டு உள்ளே கரி பிடித்திருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் மட்டும் ‘ஊய்ங்’ என்று சுற்றி எஞ்சின் சும்மா இருந்தால், பல் சக்கரம் கோர்க்கவில்லை. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், சோலனாய்டுக்குப் போகிற சின்ன ஒயர் என்று பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? செல்ஃப் மோட்டாரைத் திட்டாதீர்கள். அதன் கடமையை அது செய்துவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள். (ஒரு தடவை எங்கள் வீட்டில் இல்லை. யார் போடாமல் விட்டது என்று நான் எழுதப் போவதில்லை.)

மாதம் ஒரு நாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டு, பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பார்ப்பேன். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நெகடிவ் ஒயரை முதலில் கழற்றிவிட்டு, அப்புறம் பாசிடிவ். வெந்நீரில் கொஞ்சம் ஆப்ப சோடா கலந்து பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் மட்டும் போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, பாசிடிவை முதலில் மாட்டி, நெகடிவைக் கடைசியில் முடுக்கி, மேலே லேசாக வாசலைன் தடவுவேன். மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் அளவு பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது.

நமக்கென்று ஒரு ஜாக்கிரதை உண்டு, ஆண்கள் எழுதுகிற கார் புஸ்தகத்தில் இது இருக்காது. பேட்டரியிடம் போகுமுன் வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் போட்டு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொள்ளுங்கள். இரண்டு முனைக்கும் நடுவே தங்க வளையல் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாகப் பாய்ந்து ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பேட்டரிக்குள் ஆசிட் இருக்கிறது. கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். நெருப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது.

குழந்தைகள் கையில் சாவியைக் கொடுத்து விளையாடவிடாதீர்கள். கியரில் நிற்கிற வண்டியில் சாவியைத் திருப்பினால், பெட்ரோல் எரியாமலே செல்ஃப் மோட்டார் மட்டும் காரை முன்னால் குதிக்க வைத்துவிடும். அத்தனை பலம் அதற்கு. எங்கள் பையன் நான்கு வயதில் ஒரு நாள் அப்படிச் செய்து, மாமியாரின் துளசி மாடத்தின் ஒரு மூலையைச் சாய்த்தான். மாடத்துக்கு முன்னால் மாமியார் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து சாவிக்கு இடம் அரிசி டிரம்முக்கு மேல் ஆணி.

அந்தப் பழைய மோட்டாரைப் பாய் சுத்தம் பண்ணி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பேட்டரியில் வைத்துச் சுற்றிக் காட்டித் திருப்பித் தந்தார். பரணில் ஏறியது. 2003-ல் புது மோட்டாருக்கு நிஜமாகவே பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சரும் போனபோது, பரணிலிருந்து இறங்கி வண்டியில் ஏறியது. 2009-ல் அந்த மாருதியை விற்கும் வரை அதுதான் ஓடியது. அதற்குள் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்கள் ஆகிவிட்டோம். 2004-ல் பிரித்தார்கள்.

இவர் ‘நீ எடுக்க வேணாம்’ என்று சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தலைமுறை ஆண்களுக்கு அது வராது. ஆனால் பாய் கடையிலிருந்து திரும்பிய அன்று, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் காப்பி போட்டார்.

இப்போது பெங்களூரில் இருக்கிற மருமகளின் காரில் சாவியே இல்லை. பிரேக்கை மிதித்து ஒரு பொத்தானை அமுக்குகிறாள். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்து, காலை எடுத்தால் தானே கிளம்புகிறது. நாளைக்கு எத்தனை தடவையோ! அதற்கென்றே வலுவான ஸ்டார்ட்டரும் வேறு ரக பேட்டரியும் போட்டிருக்கிறார்கள். அந்த பேட்டரியை மாற்றும்போது விலை மலிவு என்று சாதாரண பேட்டரி வைத்துவிடக் கூடாது. ஆட்டோமேடிக் கியர் என்பதால் அவள் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. கையோடு ஜம்பர் கேபிள் வாங்கி டிக்கியில் போட வைத்தேன். மின்சாரக் காருக்கோ செல்ஃப் மோட்டாரே கிடையாது. எங்கள் ஓசூரிலேயே மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஆனால் மின்சாரக் காரிலும் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது படுத்தால் அந்த வண்டியும் எழுந்திருக்காது.

போன மார்கழியில் ஒரு காலை போன் வந்தது. “அத்தை, பொத்தானை அமுக்கினா டக்டக்டக்னு சத்தம் மட்டும் வருது. பாப்பாவுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. இவர் ஊர்ல இல்லை.”

“ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு அமுக்கிப் பாரும்மா. மங்குதா?”

“ஆமா அத்தை, அணைஞ்சே போற மாதிரி மங்குது.”

“பேட்டரிதான். வளையலைக் கழட்டிட்டு, பக்கத்து வீட்டு வண்டியைக் கிட்ட கொண்டுவரச் சொல்லு. டிக்கியில கேபிள் இருக்கா? ரெண்டு வண்டியையும் அணைச்சுட்டு, சிவப்பை முதல்ல உன் பேட்டரி பிளஸ்ல மாட்டு, அப்புறம் அவங்க பிளஸ்ல. கறுப்பை அவங்க மைனஸ்ல மாட்டு. கடைசி முனையை உன் பேட்டரியில மாட்டாதே, தள்ளி இருக்கற எஞ்சின் இரும்புல மாட்டு. பாப்பாவைக் கீழே இறக்கித் தள்ளி நிக்கச் சொல்லு. மாட்டியாச்சா? இப்ப அவங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. ரெண்டு நிமிஷம் கழிச்சு நீ அமுக்கு...”